இயக்குநர் ஈயும் பேராசிரியர் ஈயும்

“ஒரே அட்டையில சேர்ந்து இருந்த ஜோடிங்க அது! கத்தரியை எடுத்து நடுவுல வெட்டிப் பிரிச்சிருக்கீங்களே, கை கூசலையா உங்களுக்கு?”

“கத்தாதே. கீழ இருக்கிறவங்க காது எப்பவும் நம்ம வீட்டுலதான் குடியிருக்கு.”

“கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். சேர்ந்து இருந்ததைப் பிரிச்சுட்டு இப்போ ஒண்ணுமே தெரியாத மாதிரி பல்லு விளக்குறீங்க.”

“அது ஜோடியே இல்ல. தற்செயலா பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு.”

“பக்கத்துலயா? ஒண்ணு மேல ஒண்ணு நின்னுச்சு! அதுக்குப் பேரு தற்செயலா? அப்போ நமக்குக் கல்யாணம் ஆனதும் தற்செயல்தான்னு சொல்லிடுங்க.”

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் கீழ்வீட்டம்மா. குளியலறைக் குழாய்க்குப் பக்கத்தில் நின்றால் மாடிவீட்டுப் பேச்சு ரேடியோ மாதிரி இறங்கிவரும் என்பதைக் குடிவந்த புதிதிலேயே கண்டுபிடித்தவள் அவள். வாய் நிறைய பற்பசை நுரையோடு நின்று கேட்டவளுக்கு விஷயம் பாதிதான் பிடிபட்டது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. கட்டடத்துக்குத் தண்ணீர் வண்டி வருவதற்குள், மாடிவீட்டு மனிதர் யாரோ ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பிரிந்தது இரண்டு ஈக்கள். எள்ளை விடச் சின்ன ஈக்கள்.

அந்த மனிதரை எல்லோரும் ஈ டாக்டர் என்றுதான் சொல்வார்கள். அருங்காட்சியகத்தில் பூச்சிப் பிரிவில் வேலை. ஈக்களைப் பற்றி ஆராய்ந்து வாங்கிய பட்டத்தை வாசல் பலகையில் பேருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டதும் எதிர்வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று ராத்திரியில் வந்து கதவைத் தட்டினார்கள். “நான் அந்த டாக்டர் இல்லைங்க” என்று அவர் சொன்னதில் வருத்தத்தை விடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது. அவர் மனைவிக்கும் அதே படிப்பு, அதே பட்டம், அதே பிரிவில் அடுத்த மேசை. ஆனால் வாசல் பலகையில் இன்னொரு வரிக்கு இடமில்லை என்று அவர் சொல்லிவிட்டதால் அவள் வெறும் ஈ டாக்டர் வீட்டம்மா.

இப்போது சண்டைக்குக் காரணமான ஈயைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருசக்கர வண்டி நிறுத்தும் கொட்டகை, அதை ஒட்டிச் சொரசொரப்பான பட்டையோடு ஒரு பெரிய மரம். ஈ டாக்டர் தன் ஸ்கூட்டரை வருடக்கணக்காக அந்த மரத்தடியில்தான் நிறுத்துகிறார். நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு போய்விடுவார். அவளோ மதியச் சாப்பாட்டை அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவள். சாப்பிட்டபடியே மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படித்தான் ஒருநாள், பறக்காமல் பட்டை மேல் விறுவிறுவென்று ஓடித் தன்னை விடப் பொடியான பூச்சியைக் குறுக்கே மறித்து அமுக்கிய ஒரு ஈயைப் பார்த்தாள். நடுக்காலில் வரிசையாக முள். அந்தக் காலைக் கத்தரிக்கோல் மாதிரி மடக்கி இரையைப் பிடித்து, ஊசி மாதிரி வாயைச் செருகி, உறிஞ்சிவிட்டுத் தோலைக் கீழே போட்டுவிட்டுப் போயிற்று. உலகத்தில் இதுவரை யாரும் எழுதிவைக்காத ஈ.

இவ்வளவு சின்ன உடம்பை ஊசியில் குத்தினால் ஊசிதான் மிஞ்சும். அதனால் முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் துளிப் பசை வைத்து ஒட்டுவார்கள். அவள் பிடித்ததில் ஒரு ஜோடி கூடிய நிலையிலேயே கிடைத்தது. அதை அப்படியே, பிரிக்காமல், ஒரே அட்டையில் ஒட்டி வைத்தாள். மேலே இருந்தது ஆண்: முன்கால் கறுத்துத் தடித்து, வெள்ளி பூசின மாதிரி ஒரு பளபளப்பு. கீழே இருந்தது பெண்: கொஞ்சம் பெரிய உடம்பு, மெலிந்த மஞ்சள் கால். பார்க்க அண்ணன் தங்கை மாதிரிகூட இருக்காது. ஈ உலகத்தில் இது சகஜம். அதனால்தான் ஜோடியாகப் பிடித்தால் புதையல் கிடைத்த மாதிரி பத்திரப்படுத்துவார்கள்.

அந்தப் புதையலைத்தான் ஈ டாக்டர் கத்தரித்துவிட்டார்.

எதற்கு என்றால், ஒரு நாற்காலிக்கு. பூச்சிப் பிரிவின் தலைவர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து அவருடைய அறையில் ஒரு சுழல் நாற்காலி காலியாக இருந்தது. கை வைக்க இடம் உண்டு, பின்னால் சன்னல் உண்டு, சன்னலில் காற்று உண்டு. யாரும் இல்லாத நேரத்தில் ஈ டாக்டர் அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவது துப்புரவுப் பெண்மணிக்குக்கூடத் தெரியும். அந்த நாற்காலியைக் கொடுக்கவேண்டியது இரண்டு பேர். ஒருவர் அருங்காட்சியக இயக்குநர். இன்னொருவர் தேர்வுக் குழுவில் இருந்த பழைய பேராசிரியர், ஈ டாக்டருக்கும் அவர் மனைவிக்கும் பாடம் எடுத்தவர். இந்த இரண்டு பேருக்கும் ஆகாது. இளவயதில் இயக்குநர் புதிது என்று எழுதிய ஒரு பூச்சியை, அது பழசுதான் என்று பேராசிரியர் எழுதிவிட்டாராம். அன்றிலிருந்து ஒருவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர் மாடிப்படி.

புது ஈக்குப் பெரிய மனிதர் பேரை வைப்பது இவர்கள் தொழிலில் ஒரு மரியாதை. கண்டுபிடித்தவர் தன் பேரைத் தானே வைத்துக்கொள்ளக்கூடாது, அசிங்கம். அடுத்தவருக்கு வைக்கலாம், அழகு. இயக்குநருக்கு ஒன்று வைத்தால் பேராசிரியர் முறைப்பார், பேராசிரியருக்கு வைத்தால் இயக்குநர் கையெழுத்துப் போடமாட்டார். இரண்டு ஈ இருந்தால்? ஒரு ராத்திரி நுண்ணோக்கியில் அந்த ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்த ஈ டாக்டருக்கு, கறுத்த காலும் மஞ்சள் காலும் ஒரே இனம் என்பது மெல்ல மெல்ல நம்பமுடியாததாகப் பட ஆரம்பித்தது. கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. வால் நுனி இரண்டும் எப்படிப் பிணைந்திருந்தன என்று பார்க்கத்தான் பார்த்தார். பார்த்துவிட்டுக் குவியத்தைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டார். அப்புறம் கத்தரி.

மறுநாளே இயக்குநர் அறைக்குப் போனார்.

“சார், ஒரு புது இனம். உங்க பேரை வைக்கலாம்னு ஆசை.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்ன இனம்?”

“ஈ, சார்.”

“ஈயா? பட்டாம்பூச்சி எதுவும் கிடைக்கலையா?”

“இது வேட்டையாடுற ஈ, சார். பாய்ஞ்சு அடிக்கும். புலி மாதிரி.”

“புலி.” இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். “எவ்வளவு பெருசு?”

“அது... ஒரு எள்ளு இருக்கும்.”

“அதை எல்லாம் பெருசா எழுதவேண்டாம். புலியை எழுதுங்க.”

பேராசிரியர் வீட்டுக்குப் போனபோது அவர் ஏற்கெனவே மூக்கு வியர்த்துக் காத்திருந்தார்.

“அவனுக்கு ஒண்ணு குடுத்திருக்கியாமே?”

“உங்களுக்கும் ஒண்ணு இருக்கு, சார். உங்களோடது கொஞ்சம் பெருசு.”

பேராசிரியருக்கு அது போதும். டீயோடு பிஸ்கட்டும் வந்தது.

இப்படி இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மனிதரிடம்தான் மனைவி அன்று காலை குளியலறை வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஈ டாக்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டுக்குள் இருந்தபடியே, “உனக்குப் பொறாமை” என்றார்.

“எனக்கா? நான் கண்டுபிடிச்ச ஈ. நான் ஒட்டின அட்டை. நான் வரைஞ்ச படம். இதுல நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படணும், உங்க கத்தரியையா?”

“படம் வரையுற வேலை படத்தோட நிக்கட்டும். எது இனம், எது இனம் இல்லங்கிறது ஒரு பார்வையில தெரியுற விஷயம் இல்ல. அனுபவம் வேணும்.”

“பின்னாடி உங்க ஸ்கூட்டர் நிக்கிற மரத்துல தினமும் கூடிக் குலாவுதுங்க. ஒருநாள் தலையைத் தூக்கிப் பாருங்க, அனுபவம் தானா வரும்.”

அடுத்த அறையில் தலை வாரிக்கொண்டிருந்த ஈ டாக்டரின் தங்கை சிரித்துவிட்டாள். பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காருகிற பெண், அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். அண்ணனுக்குத் தங்கையாக இருப்பதை விட அண்ணிக்குக் கட்சிக்காரியாக இருப்பதில்தான் அவளுக்கு ருசி.

“சிரிக்காதே நீ” என்றார் அண்ணன்.

“உன்னைப் பார்த்து இல்லண்ணே. சீப்பைப் பார்த்து.”

கட்டுரை அச்சாகி வந்தது. இரண்டு புது இனங்கள், ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்று. ஆசிரியர் பேர் ஒன்றே ஒன்று. கடைசி வரியில், ‘படங்கள் வரைந்து உதவிய என் மனைவிக்கு நன்றி.’ தங்கை அதை எழுத்துக்கூட்டுவதுபோல் சத்தமாகப் படித்தாள்.

“அண்ணி, அண்ணன் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கார். பேரைத்தான் மறந்துட்டார் போல.”

“அவருக்கு என் பேரு ஞாபகம் இருக்கா இல்லையான்னு ஒருநாள் கேட்டுப் பார்க்கணும்” என்றாள் அண்ணி. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஈ டாக்டர் அதை ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார். கல்யாணமான ஆண்கள் பலர் செய்கிற தப்பு இது.

இயக்குநர் சும்மா இருப்பாரா? ஒரு விழாவுக்கு ஏற்பாடு பண்ணிவிட்டார். அருங்காட்சியக வாசலில் இரண்டு பதாகை. எள்ளு அளவு ஈயை எருமை அளவுக்குப் பெரிதாக்கி, இடது பக்கம் கறுத்த காலோடு இயக்குநர் ஈ, வலது பக்கம் மஞ்சள் காலோடு பேராசிரியர் ஈ. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அருங்காட்சியகப் புகைப்படக்காரன் எடுத்த படம். தாடி வைத்த, அதிகம் பேசாத ஆள். விழாவுக்கு ஈ டாக்டரின் தங்கையும் வந்திருந்தாள். அவள் அவனிடம், “இதுல எது அழகா இருக்கு?” என்று கேட்டாள். “ரெண்டும் செத்தது” என்றான் அவன். அந்தப் பதில் அவளுக்கு எங்கேயோ பிடித்துவிட்டது.

அன்று காலை கிளம்பும்போதே ஈ டாக்டர் மனைவியிடம் கெஞ்சியிருந்தார். சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டியபடி, “இன்னைக்கு ஒருநாள் மட்டும் நீ வாயைத் திறக்காதே. நாற்காலி கைக்கு வர்ற நேரம். என் பொழைப்பே இதுலதான் இருக்கு” என்றார். அவள் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். “வாயைத் திறக்கமாட்டேன். வாக்கு” என்றாள். அவருக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. இவ்வளவு லேசாகச் சம்மதிக்கிறாளே என்று ஒரு நொடியாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டாமா? படவில்லை.

மேடையில் ஈ டாக்டர் அழகாகத்தான் பேசினார். இரண்டு இனங்களும் அருகருகே வாழ்ந்தாலும் ஒன்றோடொன்று கலக்காத தனித்தன்மை என்றார். கால்களின் நிறத்தில் இயற்கை எழுதிய எல்லைக்கோடு என்றார். இயக்குநர் தலையாட்டினார். பேராசிரியர் தலையாட்டவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. கடைசி வரிசையில் மனைவி டீக்கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அவ்வளவு பணிவைப் பார்த்து ஈ டாக்டரே உருகிப்போனார். அந்த உருக்கத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“இந்த அரிய வேட்டைக்காரர்களைத் தேடி நாம் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. நம் வளாகத்திலேயே, பின்னால் உள்ள மரத்திலேயே வாழ்கின்றன. வேண்டுமானால் இப்போதே காட்டுகிறேன்!”

கை தட்டினார்கள். தட்டின கை ஓய்வதற்குள் பேராசிரியர் எழுந்து சட்டைப் பையிலிருந்து கைலென்ஸை எடுத்துவிட்டார். “வா. காட்டு.”

கூட்டம் கொட்டகைக்குத் திரண்டது. மரத்தைச் சுற்றி இருந்த ஸ்கூட்டர்களை ஆளுக்கொன்றாக நகர்த்தினார்கள். வெயில் படுகிற பக்கத்தில், பட்டை மேல், பொடிப்பொடியாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தன. இயக்குநருக்கும் ஒரு லென்ஸ் கொடுக்கப்பட்டது. பேராசிரியரோடு தோளோடு தோள் உரச நிற்கவேண்டியிருந்தது அவருக்கு. நல்ல காரியத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்.

“எது நான்?” என்றார்.

“கறுப்புக் கால், சார். அதோ, வெள்ளி மாதிரி மின்னுதே.”

“ஆ! கம்பீரமா இருக்கேன். எது அவரு?”

“மஞ்சக் கால். அந்த வெடிப்புக்குப் பக்கத்துல. வாயில ஏதோ வச்சிருக்காரு பாருங்க.”

“நான் வேட்டையாடிட்டேன் போல” என்றார் பேராசிரியர் திருப்தியாக. “இவன் என்ன பண்றான்?”

“நான் வர்றேன்” என்றார் இயக்குநர். “வேகமா வர்றேன். ஏன்யா, நான் எங்க போறேன்?”

ஈ டாக்டர் பார்த்தார். இந்தத் தடவை மங்கலாக்குவதற்குக் குவியம் எதுவும் கையில் இல்லை. கறுத்த கால் மஞ்சள் காலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. முன்காலைத் தூக்கி வெள்ளியை மின்ன வைத்தது. “துரத்துறீங்க, சார். விரோதம். எல்லைச் சண்டை” என்றார் அவசரமாக.

“அதானே பார்த்தேன்” என்றார் இயக்குநர்.

எல்லைச் சண்டை அடுத்த கணமே முடிந்துவிட்டது. கறுத்த கால் ஒரே தாவில் மஞ்சள் கால் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

“இவன் என் மேல ஏறி நிக்கிறான்!” என்று கத்தினார் பேராசிரியர்.

“நான் எங்கய்யா ஏறினேன்!” என்று கத்தினார் இயக்குநர்.

“ஏறினது மட்டுமில்ல. இன்னும் இறங்கலை.”

புகைப்படக்காரன் மரத்தை நெருங்கினான். கேமராவைப் பட்டையோடு ஒட்டிப் பிடித்து கிளிக், கிளிக் என்று எடுத்துக்கொண்டே இருந்தான். கூட்டத்தில் பட்டாம்பூச்சிப் பிரிவுக்காரர் இருமினார். அந்த இருமல் அப்படியே நாலைந்து பேருக்குப் பரவிற்று. பேராசிரியர் மட்டும் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. தேர்வுத்தாளில் பெரிய சைபர் போடுகிறவரின் அமைதி.

“ரெண்டும் ஒரே இனம். இவன் ஆம்பளை. நான் பொம்பளை” என்றார். அப்புறம் கூட்டத்தைத் தாண்டி, டீக்கோப்பையோடு நின்ற தன் பழைய மாணவியைத் தேடிப் பிடித்தார். “ஏம்மா, உனக்கு இது தெரியுமா தெரியாதா?”

அவள் கோப்பையை வாயிலிருந்து எடுத்தாள். “இன்னைக்கு வாயைத் திறக்கமாட்டேன்னு எங்க வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்திருக்கேன், சார்.”

ஈ டாக்டர் அசட்டுச் சிரிப்போடு தன் ஸ்கூட்டர் இருக்கையைத் தட்டித் தட்டித் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை.

இதோடு முடிந்திருந்தால் மனிதர் ஒரு வாரம் தலை குனிந்து நடந்துவிட்டு மறந்திருப்பார். ஆனால் இவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரே இனத்துக்கு ஒரே நாளில், ஒரே கட்டுரையில் இரண்டு பெயர் வைத்துத் தொலைத்தால், ஒன்றுதான் நிற்கும், மற்றது செத்துப்போகும். எது நிற்கும், எது சாகும் என்பதை அந்தத் தப்பை முதலில் எடுத்துக் கட்டுரையாக எழுதுகிறவர் தீர்மானிக்கலாம். மனைவி அந்தக் கட்டுரையை எழுதப்போவதாகச் சொல்லிவிட்டாள். தனியாக. தன் பேரில்.

அதற்கப்புறம் ஈ டாக்டர் வீட்டு மாடிப்படிக்கு வந்த வாழ்வைப் பார்க்கவேண்டுமே! லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இயக்குநர் மூச்சு வாங்க ஏறி வந்தார், கையில் பிஸ்கட் டப்பா. “அம்மா, நீங்கதான் இந்த அருங்காட்சியகத்தோட கண்ணு. நான் எப்பவுமே சொல்லுவேன்” என்றார். எப்போது, யாரிடம் சொன்னார் என்று சொல்லவில்லை. பேராசிரியர் வரவில்லை, போன் பண்ணினார். “நான் உனக்குச் சொல்லிக் குடுத்தவன். அதுக்காக எதுவும் செய்யாதே. ஆனா நான் சொல்லிக் குடுத்தவன்” என்றார். கீழ்வீட்டம்மா குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலியே வாங்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு ஈக்காக ஏன் இந்தப் பாடு படுகிறார்கள் என்பது மட்டும் அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. “எங்க வீட்டுல நிறைய இருக்கே, கேட்டா குடுத்திருப்பேனே” என்று எல்லோரிடமும் சொன்னாள்.

ஈ டாக்டர் ராப்பகலாக மனைவியைச் சுற்றிச் சுற்றி வந்தார், மரப்பட்டையில் கறுத்த கால் சுற்றின மாதிரி.

“இயக்குநர் பேரையே நிறுத்திடும்மா. அவர்தான் கையெழுத்துப் போடணும். நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்கு.”

“நாற்காலிக்காக எழுதினா நானும் உங்களை மாதிரி ஆயிடமாட்டேனா?”

“என்னை மாதிரி ஆனா என்ன? நான் என்ன கொலையா பண்ணினேன்? ஒரு அட்டையை வெட்டினேன்.”

“அதை மட்டும் ஒத்துக்கிட்டீங்களே. இது முதல் தடவை.” அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இன்னும் ஒண்ணு சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி பார்த்தப்பவே தெரியும்தானே?”

சுவரில் ஓடின பல்லியைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். “தெரியும்” என்றார், ரொம்பச் சின்னக் குரலில். குழாய்க்கே எட்டவில்லை, கீழ்வீட்டம்மாவுக்கு இன்றுவரை அந்த ஆதங்கம் உண்டு.

மனைவி கட்டுரையை எழுதி அனுப்பினாள். நின்றது இயக்குநர் பேர். காரணம் சாதாரணம்: இந்த ஈயை மற்ற ஈக்களிலிருந்து பிரித்துக் காட்டுவது ஆணின் வெள்ளிக்கால்தான், ஆணுக்கு வைத்த பேர் நிற்பதுதான் முறை. அவளுக்கு இயக்குநர் மேல் அன்பும் இல்லை, பேராசிரியர் மேல் வெறுப்பும் இல்லை. சேதி வந்த அன்று ஈ டாக்டர் தலைகால் புரியாமல் இனிப்பு வாங்கிவந்து பிரிவு முழுக்கக் கொடுத்தார். காலி அறையில் யாரும் பார்க்காதபோது நாற்காலியில் இரண்டு சுற்றுச் சுற்றினார்.

கட்டுரையின் அடுத்த பக்கத்தை அவர் படிக்கவில்லை. இயக்குநர் படித்தார். ஈயின் நடத்தையைப் பல நாள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்து அவள் எழுதியிருந்தாள், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். ‘ஆண் தானாக வேட்டையாடியதைக் காண முடியவில்லை. பெண் பிடித்து வைத்திருக்கும் இரையில் பின்னால் நின்று வாய் வைக்கிறது. இரை தீர்ந்ததும் அடுத்த பெண்ணைத் தேடிப் போகிறது. எறும்பு வந்தால் முதலில் ஓடுவது ஆணே.’ அதற்கு மேலே, பெரிய எழுத்தில், இயக்குநர் பேர்.

மூன்றாவது மாடி முதல் வாசல் காவலாளி வரைக்கும் அந்த நாலு வரி மனப்பாடம். இயக்குநர் நடைபாதையில் போனால், “எறும்பு வருது” என்று எங்கிருந்தாவது ஒரு குரல் கேட்கும். பேர் செத்த பேராசிரியருக்கோ, தன்னை ஒரு பெண் ஈயாக்கி மேடையில் ஏற்றி மரத்தடியில் கொன்ற கோபம். இரண்டு பேரும் தேர்வுக் குழு நாளன்று ஒரே லிஃப்டில் ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். அத்தனை வருட விரோதம் எங்கே போயிற்றோ! மேலே போய்ச் சேருவதற்குள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய்விட்டார்கள்: இத்தனைக்கும் காரணம் கத்தரி பிடித்த அந்தக் கை. நாற்காலி பட்டாம்பூச்சிக்காரருக்குப் போயிற்று, இருமினவருக்கு. அவர் அதில் உட்கார்ந்து சுற்றுவதில்லை. அவருக்குத் தலைசுற்றல் உண்டு.

அப்புறம் என்ன ஆயிற்று என்றால், முதலில் தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று, அந்தத் தாடிக்காரப் புகைப்படக்காரனோடு. மரத்தடியில் எடுத்த ஜோடிப் படம் அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. விருந்தாளிகள் யாராவது கேட்டால், “மேல இருக்கிறவர் இயக்குநர்” என்று அறிமுகப்படுத்துகிறாள். இயக்குநர் ஓய்வுபெற்று மகள் ஊருக்குப் போய்விட்டார். மனைவிக்கு வேறொரு ஊரில், இதை விடப் பெரிய அருங்காட்சியகத்தில், ஈக்களுக்கென்றே தனி வேலை கிடைத்தது. இன்னொரு புது வேட்டை ஈயை அங்கே போவதற்கு முன்பே எழுதி முடித்தாள். அதற்குத் தங்கள் பேரை வைக்கச் சொல்லி உறவில் பாதிப் பேர் ஜாடைமாடையாகக் கேட்டார்கள். ஈ டாக்டரும் ஒருமுறை, சும்மா விளையாட்டுக்கு என்பதுபோல், கேட்டுப் பார்த்தார். அவள் அதற்கு, ஈயைப் பிடித்த இடத்தை வைத்து, வண்டிக் கொட்டகை என்று அர்த்தம் வருகிற பேரை வைத்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னாலேயே ஈ டாக்டரும் வேலையை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் போய்விட்டார். ‘போகமாட்டேன்’ என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். சமைத்துப் பார்த்த பிறகு போய்விட்டார். காலியான மாடிவீட்டுக்கு ஒரு பல் டாக்டர் குடிவந்திருக்கிறார். பேச்சு குறைவு. கீழ்வீட்டம்மா முக்காலியை வராந்தாவுக்கு மாற்றிக்கொண்டாள்.

தங்கை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னது இது. அங்கே வாசல் பலகையில் இப்போது இரண்டு வரி, முதல் வரி மனைவியுடையது. பூச்சிவலை, பூச்சியை உறிஞ்சிப் பிடிக்கிற குழாய், கண்ணாடிக் குப்பி எல்லாம் சுமந்துகொண்டு ஈ டாக்டர் அவளோடு மரம் மரமாகப் போகிறாராம். சாயங்காலம் பொறுமையாக உட்கார்ந்து அட்டையில் ஈ ஒட்டித் தருகிறாராம். பசை அளவாக வைக்கிறார், ஜோடி என்றால் ஜோடியாகவே ஒட்டுகிறார். அட்டை வெட்டுகிற வேலை மட்டும் அவருக்கு இல்லை. கத்தரி அவள் மேசை இழுப்பறையில், பூட்டுக்குள் இருக்கிறது.